குழந்தை சீட்டுக்கு அடியில் ஒரு பை பூண்டு

தம்பி,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்ததைப் போனிலேயே சொல்லிவிட்டேன். என்னைக் கண்டதும் உன் அம்மா மேலும் கீழும் பார்த்து, "கன்னம் வச்சிருக்கு, மருமக நல்லாத்தான் பாத்திருக்கா" என்று சொன்னதையும் சொல்லிவிட்டேன். போனில் சொல்ல முடியாத ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. சொல்லலாம் என்று வாயைத் திறப்பேன், அதற்குள் இனியா குறுக்கே வந்து "தாத்தா, ஜீப் காட்டு" என்பாள். நான் போனைத் தூக்கிக்கொண்டு ஜீப்பைக் காட்டப் போய்விடுவேன். நீயும் "சரிப்பா, எனக்கு மீட்டிங் இருக்கு" என்று கிளம்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கூக்கால் ஏரிப் பக்கம் ஜீப்பை நிறுத்தி, ஸ்டியரிங் மேல் ஒரு அட்டையை வைத்து எழுதுகிறேன். பத்து மணிக்குத்தான் அடுத்த சவாரி. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் இருந்தது.

முதலில் நீ சிங்கப்பூரிலிருந்து பிள்ளையின் கார் சீட்டைக் கொண்டுவந்த நாளைச் சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து வாடகைக் காரில் வந்து இறங்கினீர்கள். மருமகள் இறங்கினாள், நீ இறங்கினாய், பின்சீட்டில் ஒரு சிம்மாசனம் இருந்தது. அதில் என் பேத்தி ஐந்து வார் போட்டுக் கட்டப்பட்டு, கையில் பிஸ்கட்டோடு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். தெருவே கூடிவிட்டது. "பிள்ளைய ஏன்டா கட்டிப் போட்டிருக்கே, கடிக்குமா?" என்று உன் சித்தப்பா கேட்டான். எல்லோரையும் விட உரக்கச் சிரித்தது நான்தான். இரண்டேகால் வயதுப் பிள்ளைக்கு மடியை விடப் பத்திரமான இடம் உண்டா என்று அன்று முழுக்கப் பேசினேன். முப்பத்தைந்து வருடமாக இந்த மலையில் ஜீப் ஓட்டுகிறவனுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பாடம் சொல்லித்தருகிறதா என்று எனக்குள் ஒரு குமைச்சல். அதை அன்று சிரிப்பாக மாற்றிவிட்டேன்.

அடுத்த வாரம் பழனிக்கு மொட்டை போடக் கிளம்பினோமே, அன்றைக்கு நான் செய்த வேலை உனக்கு நினைவிருக்கும். வெள்ளனே எழுந்து, உனக்குத் தெரியாமல் அந்த சீட்டை ஜீப்பில் ஏற்றி, மூட்டை கட்டுகிற கயிற்றால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டி வைத்திருந்தேன். என் கட்டு இதுவரை கொண்டை ஊசி வளைவில் அவிழ்ந்ததில்லை. முட்டைக்கோஸ் மூட்டை ஒன்றுகூட உருண்டதில்லை. நீ வந்து ஒற்றை விரலால் சீட்டை இழுத்துப் பார்த்தாய். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "இதுக்குக் கயிறு ஆகாதுப்பா, வண்டியோட பெல்ட்லதான் மாட்டணும். நம்ம ஜீப்புல பெல்ட் இல்லையே" என்றாய். குரலை உயர்த்தவில்லை. கொடைக்கானலுக்குப் போன் போட்டுக் கார் வரச் சொன்னாய். பிள்ளை காரில் போனாள். நான் சொந்தக்காரர்கள் பதினொரு பேரை ஜீப்பில் அடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன். பழனி வரைக்கும் யாரோடும் பேசவில்லை. முடி இறக்கும் இடத்தில்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். போட்டோவில் பார், மொட்டை போட்ட பிள்ளை சிரிக்கிறாள், நான்தான் அழுகிற மாதிரி நிற்கிறேன்.

லீவு முடிந்து மருமகள் முன்னாலேயே சிங்கப்பூர் போய்விட்டாள். நீயும் பிள்ளையும் பத்து நாள் கழித்துக் கிளம்ப வேண்டும். பிள்ளை ஒரு கை, சீட்டு ஒரு கை, பை எந்தக் கையில் என்று நீ விழித்தபோதுதான் "துணைக்கு வாங்கப்பா, ஒரு மாசம் இருந்துட்டு வரலாம்" என்றாய். "பூண்டு எடுக்கற நேரம், எனக்குச் சோலி தலைக்கு மேல கெடக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்று உன் அம்மா தள்ளிவிட்டாள். எனக்கு உள்ளூர அவ்வளவு சந்தோஷம். வெளியே மட்டும், ஜீப்பை யாரிடம் விடுவது என்று இரண்டு நாள் முனகிக்கொண்டிருந்தேன்.

கிளம்பின அன்று மதுரை வரைக்கும் நான் அந்தக் கார் டிரைவரைப் படுத்தின பாட்டை அவன் மறந்திருக்க மாட்டான். "கியரக் கொறைப்பா", "ஹாரன் அடி", "அந்த வளைவுல கல்லு கெடக்கும் பாரு." பெருமாள்மலையில் காபிக்கு நிறுத்தியபோது அவன் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னான். நீ சிரித்துக்கொண்டே வந்து, "அப்பா, நீங்க பின்னாடி பிள்ளை பக்கத்துல உக்காருங்க" என்றாய். நான் உட்கார்ந்ததும் அவள் என் இடுப்பைப் பார்த்து "தாத்தா, கிளிக்?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "பெல்ட் மாட்டச் சொல்றா. அந்தச் சத்தம் கேட்டாத்தான் விடுவா" என்று நீ சொன்னாய். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பின்சீட்டில் பெல்ட் மாட்டினேன். அவள் கைதட்டினாள். அந்தக் கைதட்டலில் பாதிக் கோபம் போய்விட்டது.

பாதிதான் போயிற்று. மீதியில்தான் நான் அந்த வேலையைச் செய்தேன். மலையிலிருந்து கீழே இறங்குகிற வண்டியில் காலி இடம் விடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம். ஆள் இல்லாவிட்டால் மூட்டை, மூட்டை இல்லாவிட்டால் இரண்டு கட்டுக் கீரையாவது போட்டுக்கொண்டுதான் இறங்குவோம். பிள்ளை சீட்டுக்கு ஏர்போர்ட்டில் எடை போடமாட்டார்கள் என்று நீ அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் இத்தனை பெரிய குழி, சும்மா கிடக்கிறது. கைப்பையில் ஒரு மஞ்சப்பை நிறைய மலைப்பூண்டு எடுத்து வந்திருந்தேன், மருமகளுக்கென்று. ஏர்போர்ட் வாசலில் நீ காரிலிருந்து சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பிள்ளைக்கு டயப்பர் மாற்றப் போனாய். நான் பையைத் தட்டிப் பரப்பி, குழிக்குள் திணித்து, சணலால் குறுக்கே இரண்டு கட்டுக் கட்டிவிட்டேன். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு ஒரே பெருமை.

உள்ளே சோதனை போடுகிற இடத்தில் சீட்டு மெஷினுக்குள் போனது. நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டாய். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் என்னைக் கூப்பிட்டு, "ஐயா, அடியில உருண்டை உருண்டையா என்னங்க?" என்று கேட்டாள். "பூண்டும்மா, மலைப்பூண்டு" என்றேன். பையைப் பிதுக்கிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், "எங்க வீட்ல இதுதான் வேணும்பாங்க" என்று சிரித்துவிட்டு அனுப்பிவிட்டாள். அரசாங்கமே பார்த்துவிட்டது, இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

விமானத்துக்குள் ஜன்னல் ஓரத்தில் சீட்டை வைத்தாய். நடுவில் நீ, ஓரத்தில் நான், என் மடியில் இனியா. விமானத்து பெல்ட்டை சீட்டின் பின்னால் நுழைத்து, முழங்காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து இழுத்தாய். சீட்டு ஆடியது. அவிழ்த்து மறுபடி மாட்டினாய். மறுபடியும் ஆடியது. தொட்டில் மாதிரி முன்னும் பின்னும் போய் வந்தது. உன் நெற்றியில் வேர்வை. "வர்றப்ப நல்லாத்தானே இருந்துச்சு" என்று உனக்குள் சொல்லிக்கொண்டாய். அந்தப் பணிப்பெண் வந்து குனிந்து பார்த்தாள். நல்ல பிள்ளை, தமிழ்தான் பேசினாள். "சார், இது இப்படி ஆடினா இங்க வைக்க முடியாது. அஞ்சு நிமிஷத்துல டோர் க்ளோஸ் பண்ணிடுவோம். சரியாகலன்னா சீட்டக் கீழ லக்கேஜுக்கு அனுப்பிடலாம், பாப்பாவுக்கு நார்மல் பெல்ட் போட்டுக்கலாம்" என்றாள்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். நான் உடனே வாயைத் திறக்கவில்லை. போகட்டும், எல்லாப் பிள்ளைகளும் சாதாரண பெல்ட் போட்டுக்கொண்டுதானே போகின்றன, இவன் ஒருத்தன்தான் பெரிதாகச் செய்கிறான் என்று ஒரு பேச்சு மனசுக்குள் ஓடியது. பூண்டு வெளியே வந்தால் மானம் போகும் என்று இன்னொரு பேச்சு. நீ தலையைத் தூக்கி அந்தப் பெண்ணைப் பார்த்தாய். "மேடம், நான் சரியாத்தான் மாட்டுறேன். என் மேல தப்பு இல்ல" என்றாய். அந்த முகம் எனக்குத் தெரியும், தம்பி. நாலு வயதில் அதே முகத்தோடு அதே வார்த்தையை நீ சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அதைத் தாங்க முடியாமல்தான் சொன்னேன்.

"ஏலே, அடியில பூண்டு இருக்கு."

"என்ன பூண்டு?"

"நம்ம பூண்டுதான்."

நீ சீட்டைத் திருப்பினாய். சணல் கட்டு, மஞ்சப்பை, அதில் நம் ஊர் ஜவுளிக்கடைப் பெயர். கத்தப் போகிறாய் என்று நினைத்தேன். நீ அப்படியே என் தோளில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தாய். பணிப்பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்சீட்டில் இருந்த திண்டுக்கல்காரர் எழுந்து எட்டிப் பார்த்து, "மலைப்பூண்டுங்களா? வாசம் அப்பவே வந்துச்சு, நான் நம்ம பையிலதான் ஏதோன்னு சும்மா இருந்தேன்" என்றார். "வெரசா அவுருங்க, கதவச் சாத்தப் போறாக" என்று அவர் வீட்டம்மா அதட்டினாள். என் கட்டை அவிழ்க்க எனக்கே இரண்டு நிமிடம் ஆயிற்று, அந்த அளவுக்குக் கட்டியிருக்கிறேன். பையை எடுத்ததும் சீட்டு இருக்கையோடு இருக்கையாகப் பதிந்தது. பெல்ட்டை நீ ஒரு இழுப்பு இழுத்தாய். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க ஒரு தடவ ஆட்டிப் பாருங்கப்பா" என்றாய். இந்தக் கையால் ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. இனியாவை உட்கார வைத்தோம். அவள் குனிந்து மோந்து, நாலு பக்கமும் தேடி, "அப்பத்தா எங்க?" என்றாள். ஒரு மாதம் பூண்டுக் கொட்டகையில் உன் அம்மா மடியிலேயே கிடந்தவளுக்கு அது அப்பத்தா வாசம். அப்புறம் வரிசையாக எல்லோரையும் பார்த்து "கிளிக்?" என்று கேட்டாள். திண்டுக்கல்காரர் உட்பட எல்லோரும் மாட்டினோம்.

கடல் மேல் போகும்போது விமானம் தூக்கிப் போட்டதே, அதைப் பற்றி நான் அம்மாவிடம் பெரிதாகக் கதை அளந்திருக்கிறேன். நடந்தது இதுதான். பள்ளத்தில் விழுந்த மாதிரி வண்டி இறங்கியது, என் காபி வேட்டியில் கொட்டியது, நான் வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்தேன். மிதித்துக்கொண்டே பிள்ளையைப் பார்த்தேன். சீட்டு இம்மியும் நகரவில்லை. வார் அவள் தோளைப் பிடித்துக்கொண்டது. அவள் கண்ணை அகல விரித்து, "இன்னொரு வாட்டி" என்று கேட்டாள். பிள்ளையைப் பிடித்துக்கொள்ள வேண்டிய வேலை உனக்கு இல்லை. அதனால் உன் கை என் கையைப் பிடித்துக்கொண்டது. அந்த நிமிடத்தில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியிடம் மனசார மன்னிப்புக் கேட்டேன். அதற்கு மேல் எனக்கு வேறு மரியாதை செய்யத் தெரியவில்லை.

ஆட்டம் அடங்கியதும் அவள் உன் தாடையில் இருக்கிற தழும்பைத் தொட்டு, "இது என்ன?" என்று கேட்டாள். நீ சொன்னாய்: "அப்பா சின்னப் பிள்ளையா இருந்தப்ப ஜீப்புல சேட்ட பண்ணேன். தாத்தா சொல்லச் சொல்லக் கேக்காம துள்ளுனேன். டங்குன்னு இடிச்சிருச்சு. அதனாலதான் பாப்பா கிளிக் போட்டு ஒழுங்கா இருக்கணும்." அவள் என்னைப் பார்த்தாள். நீயும் என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் தலையை ஆட்டினேன். இந்தக் கடிதம் முழுக்க அந்தத் தலையாட்டலுக்காகத்தான், தம்பி.

நீ துள்ளவில்லை. உனக்கு நாலு வயது. புது ஜீப், என் ஜீப். உன்னை என் காலுக்கு நடுவில் நிற்க வைத்து, உன் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து, நீதான் ஓட்டுகிறாய் என்று சொல்லிக்கொண்டு பெருமாள்மலைக்கு இறங்கினேன். நீ சிலை மாதிரி நின்றாய். ஓட்டுகிறோம் என்ற பொறுப்பில் மூச்சுகூட விடவில்லை. டீக்கடை வந்தது. அங்கே என் கூட்டாளிகள் நின்றார்கள். என் மகன் வண்டி ஓட்டுவதை அவர்கள் பார்க்க வேண்டும் என்று நான் கையை எடுத்து, தலையை வெளியே நீட்டி, டாட்டா காட்டினேன். எதிரே பஸ். பிரேக்கை மிதித்தேன். உன் தாடை ஸ்டியரிங்கில் இடித்தது. அவ்வளவுதான் நடந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது "துள்ளிட்டான் சார், சொன்ன பேச்சு கேக்கறதில்ல" என்றேன். வாயில் தானாக வந்தது. அம்மா ஓடி வந்ததும் அதையே சொன்னேன். நீ தையல் போட்ட தாடையோடு, "நான் துள்ளலம்மா, அப்பாதான் டாட்டா காட்டுனாரு. என் மேல தப்பு இல்ல" என்றாய். அப்பா மேல் பழி போடுகிறாயா என்று அவள் உன் முதுகில் ஒன்று வைத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்து உனக்குப் பால்பன் வாங்கிக் கொடுத்தேன். அதற்கப்புறம் நீ அதைச் சொல்லவே இல்லை. சொல்லாமல் இருந்தது மட்டுமில்லை, நீயே அதை நம்பிவிட்டாய். உன் காலேஜ் நண்பர்களிடம் சொன்னாய், மருமகளிடம் சொன்னாய், என் கண் முன்னாலேயே என் பேத்தியிடமும் சொல்லிவிட்டாய். பூண்டை நான் ஒத்துக்கொள்ள ஒரு நிமிடம் ஆனது. இதை ஒத்துக்கொள்ள முப்பது வருடம் ஆகியிருக்கிறது. ரொம்ப வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் அப்பன் என்பதால் ஒன்று சொல்கிறேன். இனியா என்றைக்காவது "என் மேல தப்பு இல்ல" என்று சொன்னால், பால்பன் வாங்கிக் கொடுப்பதற்கு முன் அவள் சொல்வதை முழுக்கக் கேள். நாலு வயதுப் பிள்ளை நடந்ததைத்தான் சொல்லும்.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். "அன்னைக்கு அவன அடிச்சேனே" என்றாள். அழுதாள். அப்புறம் என்னைக் கிழி கிழி என்று கிழித்தாள், அதை இங்கே எழுத முடியாது. கடைசியில், "அவனுக்கு எழுதுங்க. எழுதி எனக்கு வாசிச்சுக் காட்டிட்டு அப்புறம் அனுப்புங்க, நீங்க பாதிய முழுங்கிருவீங்க" என்றாள். வாசித்துக் காட்டத்தான் போகிறேன்.

போன வாரம் வத்தலக்குண்டு பட்டறையில் ஜீப்பைக் கொடுத்து, பின்பக்கத்து நீளப் பலகையை எடுத்துவிட்டேன். முன்பக்கம் பார்த்த மாதிரி சீட்டும், ஆளுக்கொரு பெல்ட்டும் போட்டாயிற்று. பதினொரு பேர் இனி ஏற முடியாது. உன் சித்தப்பா ரொம்ப வருத்தப்படுகிறான். அடுத்த லீவுக்கு நீங்கள் வரும்போது அந்தச் சிம்மாசனத்தை நீயே மாட்டு, நீயே இழுத்துப் பார். எத்தனை தடவை வேண்டுமானாலும் பார், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். நீ மாட்டி முடித்த பிறகுதான் சாவியைப் போடுவேன்.

இந்தக் கடிதம் வந்ததும் ஒரு காரியம் செய். இனியாவை அந்த சீட்டில் உட்கார வைத்து, உன் தாடையை அவளிடம் காட்டி, "அப்பா துள்ளல பாப்பா, தாத்தாதான் கைய எடுத்துட்டாரு" என்று சொல். அவள் போனில் என்னைத் திட்டுவாள். திட்டட்டும், நான் ஜீப்பைக் காட்டாமல் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

உன் அப்பா